செல்வராணி அடித்த பட்டியல்

அந்த வாரம் முழுக்கச் செல்வராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய ஓட்டு வீட்டிலிருந்து கட்டுகிற வீட்டுக்கு முப்பது தப்படிதான். அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போய்ச் சுவரைப் பார்ப்பாள், வந்து உலையைப் பார்ப்பாள், மறுபடி போய்ச் சுவரைப் பார்ப்பாள். சுவர் போட்டது போட்டபடிதான் நிற்கும். வெள்ளிக்கிழமை பூச்சு வேலை ஆரம்பம் என்று அழகுமலை கொத்தனார் நாள் குறித்துவிட்டார். அதற்குள் எங்கே எந்த வயர் போகிறது என்று முடிவு பண்ணி, சுவரில் காடி வெட்டி, பைப்பைப் பதித்தாக வேண்டும். பூசிய சுவரை மறுபடி உடைக்கச் சொன்னால் கொத்தனார் ஊரைக் கூட்டிவிடுவார்.

முடிவு பண்ண வேண்டியவள் அவள். வீட்டுக்காரன் ரெங்கராஜ் பதினாலு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறான். ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்ட்ரோல் ரூமில் வேலை. எந்தக் கதவு திறந்தது, எந்த மாடியில் லைட் எரிகிறது, எவன் லிஃப்டில் ஏறினான், எல்லாம் அவன் முன்னால் இருக்கிற திரைகளில் ஓடும். ஊரான் வீட்டுக்கு இருப்பதெல்லாம் தன் வீட்டுக்கும் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. கறம்பக்குடிக்குத் தெற்கே, நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போகிற ஊரில் அதைச் செய்ய நினைத்ததுதான் கொஞ்சம் அதிகம். ஆனால் பதினாலு வருஷம் வெளிநாட்டில் கிடந்து சம்பாதித்தவனிடம் அதை யார் போய்ச் சொல்வது?

புதுக்கோட்டையிலிருந்து கவியரசன் என்ற பையன் செவ்வாய்க்கிழமை வந்தான். பையன் என்றால் முப்பது வயசு, கழுத்தில் டை. ஸ்மார்ட் வீடு அமைத்துக் கொடுக்கிற கடையிலிருந்து வருகிறான். நாற்பது அயிட்டம் அச்சடித்த தாளை மணல் குவியல் மேல் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்தான்.

"அக்கா, அண்ணன் எல்லாத்தையும் ஓகே பண்ணிட்டாங்க. நீங்களும் ஒரு பார்வை பாத்துருங்க. வேண்டாங்கறத அடிச்சுட்டா, மத்ததுக்குப் பாயிண்ட் குறிச்சுருவேன்."

"இது என்ன தம்பி?"

"திரைச்சீலை மோட்டாருக்கா. போன்ல தொட்டா திரை தானா மூடிக்கும்."

"எனக்கு என்ன, கை இல்லையா?" என்றாள். சொன்னவுடன் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

இந்தக் கைதான் விஷயம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

செல்வராணி முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கல்யாணத்துக்கு முன்னால் உடைத்தாள், கல்யாணத்துக்குப் பிறகும் உடைத்தாள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் அது கையை விடாது. விரல் நுனி கறுத்து, வெந்து, உரிந்து, மறுபடி கறுக்கும். கல்யாணப் பந்தலிலேயே ரெங்கராஜின் சொந்தக்காரர்கள் அவள் கையைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அது அவன் மனசில் முள்ளாகக் கிடந்தது. மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிற அன்றைக்கு அவன் அவளிடம் சொன்ன ஒரே பேச்சு, "இனிமே நீ கொட்டை உடைக்கக் கூடாது" என்பதுதான். அவளும் தலையை ஆட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அப்புறம் மகள் சிவரஞ்சனி திருச்சியில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் செல்வராணியும் சுவர்க்கடிகாரமும் மிச்சம். ஒருநாள் பக்கத்து வீட்டுச் செவந்தி, "அத்தாச்சி, ஷெட்டுல இன்னைக்கி ஆள் கொறையுது, ஒரு நாளைக்கி வந்து ஒக்காருங்க" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு நாள் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கூலிக்காகப் போகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கூலிக்காக மட்டும் போகவில்லை. ஷெட்டில் பதினோரு பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பேச்சு இருந்தது, சண்டை இருந்தது, மத்தியானம் சோற்றுச் சட்டிகளைத் திறந்தால் எல்லாருடைய குழம்பும் எல்லாருக்கும் இருந்தது.

இது ஊருக்கே தெரியும், மஸ்கட்டுக்கு மட்டும் தெரியாது. ரெங்கராஜ் லீவில் வருகிற தேதி தெரிந்ததும், இருபது நாளைக்கு முன்னாலேயே செல்வராணி வேலையை நிறுத்திக்கொள்வாள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பைப் போக்கிவிடுவாள். திரும்ப வராதது தேய்ந்துபோன விரல் ரேகை. ஆனால் எந்த ஆம்பளை பெண்டாட்டியின் ரேகையைப் பார்க்கிறான்? வீடியோ காலில் பேசும்போது போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்து, முகத்தை மட்டும் காட்டுவாள். இரண்டு வருஷமாக அவன் அவளுடைய கையைப் படத்தில் பார்த்ததில்லை. இது கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிறவன் கதை.

கவியரசன் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தான். அதில் ஒரு பூட்டு பொருத்தியிருந்தது. சாவி ஓட்டையைக் காணோம்.

"இதுதான்கா மெயின் அயிட்டம். அண்ணன் ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டது. விரலை வச்சா கதவு தொறக்கும். யாரு தொறந்தா, எத்தனை மணிக்குத் தொறந்தான்னு அண்ணன் போனுக்குப் போயிரும். கட்டை விரலை இப்படி வைங்க."

"கை ஈரமா இருக்கு தம்பி."

"தொடச்சுக்கிட்டு வைங்கக்கா, சும்மா டெமோதானே."

ரேஷன் கடையில் மிஷின்காரர் அவளுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தாள். வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பானே. பூட்டு சிவப்பாக மினுங்கி இரண்டு தடவை கத்தியது. கவியரசன் பூட்டின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். மறுபடி கத்தியது. அவன் தன் விரலை வைத்தான், பச்சை விழுந்து பூட்டு திறந்துகொண்டது.

"மிஷின் நல்லாத்தான்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் விரலைப் பார்க்கக் குனிந்தான்.

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். "தாளை வச்சுட்டுப் போ தம்பி. நாளைக்குக் குடுக்குறேன்."

அன்றைக்கு மத்தியானம் மகளுடைய பழைய பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, கட்டுகிற வீட்டுக் கூடத்தில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். விரல் பூட்டு. அடித்தாள். வாசல் கேமரா. அடித்தாள். கூடத்துக் கேமரா. தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். ஆள் நடமாட்டம் கண்டால் எரிகிற லைட். அது என்னமோ நல்ல சாமானாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை என்பதையும் அது சொல்லிவிடுமே? காலை எட்டு மணிக்குப் போனவள் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருகிறாள் என்று அங்கே காட்டிக்கொடுக்கும். அடித்தாள். கதவு திறந்தால் போனில் மணி அடிக்கிறது, அதையும் அடித்தாள். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்பது இருக்கட்டும். கேஸ் கசிந்தால் கத்துவதும் இருக்கட்டும். ஃபேனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சுற்றுவதை என்ன செய்வது என்று யோசித்து, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். சீரியல் லைட், பாட்டுப் பெட்டி, திரைச்சீலை மோட்டார் எல்லாம் பிழைத்துக்கொண்டன.

எழுந்து நடந்தாள். திரும்ப வந்து, அடித்ததை எல்லாம் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். மனசு லேசாக வேண்டியது, ஆகவில்லை. வாசல் லைட்டை ரெங்கராஜ் அங்கிருந்தே போடுகிற ஒரு அயிட்டம் கடைசியில் இருந்தது. அதை அடிப்பதா வேண்டாமா என்று பேனாவை வைத்து வைத்து எடுத்தாள். லைட் ஒன்றும் காட்டிக்கொடுக்காது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் கவியரசன் தாளை வாங்கினான். வாங்கியவன் சும்மா போயிருக்கலாம். போனில் ஒரு படம் எடுத்து, 'நம்ம வீடு' என்று ரெங்கராஜ் ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, அது அவன் வேலை. ஷெட்டில் உட்கார்ந்திருந்த செல்வராணி தன் போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் உடைத்த கொட்டையைத் தோட்டோடு பருப்புக் கூடையில் போட்டாள்.

"என்ன அத்தாச்சி, இன்னைக்கிப் பூராம் தோடும் பருப்பும் ஒண்ணா விழுகுது?" என்றாள் செவந்தி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவுக மூஞ்சியா இது?"

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கமாகப் பேசுகிற நேரத்துக்கு முன்னாலேயே ரெங்கராஜ் வீடியோவில் வந்தான். அவள் போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்தாள். அவன் சட்டை மாற்றாமல் டியூட்டி உடுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"ராணி, பட்டியலைப் பாத்தேன்."

"சரிங்க. அதெல்லாம் எதுக்கு வீண் செலவுன்னு..."

"செலவுக்காகவா அடிச்ச? திரைச்சீலை மோட்டாரை விட்டு வச்சிருக்க. பாட்டுப் பெட்டியை விட்டு வச்சிருக்க. நீ பாட்டுக் கேட்டு நான் பாத்ததில்ல."

அவள் கையைத் தலைப்புக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அடிச்சதையெல்லாம் தனியா எழுதிப் பாத்தேன். பூட்டு, கேமரா, நடமாட்ட லைட்டு, கதவு மணி. ஒவ்வொண்ணும் வீட்டுக்கு ஆள் வாரதையும் போறதையும் காட்டுறது. வேற ஒண்ணையும் நீ தொடல. பதினாலு வருசமா நான் இந்த வேலைதான் பாக்குறேன். எந்தக் கேமராவை மறைக்கிறானோ அந்தப் பக்கந்தான் விசயம் இருக்கும்." குரல் கம்மியது. "வீட்டுக்கு யாரு வந்து போறா?"

செல்வராணிக்கு முதலில் அந்தக் கேள்வி புரியவே இல்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஒன்றை மறைக்கப் போய், இல்லாத ஒன்றைத் தானே கோடு போட்டுக் காட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. ஒரு பேனாவால் இருபது வருஷக் குடித்தனத்தை அடித்துவிட்டாளா? இனிமேல் பேசிப் பிரயோசனமில்லை. சேலைத் தலைப்பிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து, விரித்து, போனுக்கு முன்னால் நீட்டினாள்.

அவன் பக்கத்துக்கு வந்து பார்த்தான். அவனுடைய முகம் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது.

"யாரும் வரல. நான்தான் போறேன்" என்றாள். "செவந்தி கூட ஷெட்டுக்குப் போறேன். ரெண்டு வருசமாச்சு. விரல்ல ரேகை இல்ல, ஒங்க பூட்டு என்னைய உள்ள விடாது. நேத்து வச்சுப் பாத்தாச்சு."

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்னீங்க. நானும் பன்னெண்டு வருசம் ஒக்காந்திருந்தேன். புள்ளையும் போயிருச்சு. விடிஞ்சா நானும் அந்தக் கடிகாரமும். நீங்க நாப்பது அயிட்டம் எழுதியிருக்கீங்க. நடமாட்டத்தைக் காட்டுற லைட்டுன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க. அந்த வீட்டுல நடமாட ஆளு யாரு இருக்கா? நான் ஒருத்திதான். நாள் பூரா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து லைட்டு எரிய வச்சுக்கிட்டு இருக்கவா?"

அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள். கையால் துடைத்தால் எண்ணெய் கண்ணை எரிக்கும் என்பதால் முழங்கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது படம் போயிருந்தது. அவன் வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. செல்வராணி ஷெட்டுக்குப் போனாள், பத்து மணிக்கே எழுந்து வந்தாள். வந்து உட்கார முடியாமல் மறுபடி போனாள். "இங்கிட்டு வந்தா அங்கிட்டுப் போற, அங்கிட்டுப் போனா இங்கிட்டு வார, ஒக்காரு ஆத்தா ஒரு எடத்துல" என்று வழியில் பார்த்த கொத்தனார் சொன்னார். போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் குறைந்ததே தவிர ஒரு சத்தம் வரவில்லை. வீடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இந்த மனுஷன் வாயைத் திறந்து நாலு ஏச்சாவது ஏசினால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சிமெண்ட் கலவை தயாராகிவிட்டது. கொத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கவியரசன் சிவப்புச் சாக்கட்டியோடு வந்து, அண்ணனிடமிருந்து பதில் இல்லாமல் எதையும் குறிக்க மாட்டேன் என்று நின்றான். ஒன்பதரைக்கு மஸ்கட் நம்பர் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் குரல். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பூசாத படுக்கையறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"கொத்தனார் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"விரல் பூட்டு வேண்டாம்னு சொல்லிரு. சாவிப் பூட்டு போடச் சொல்லு. கேமராவும் வேண்டாம். தொட்டி மோட்டாரும் கேஸ் கத்துறதும் இருந்தாப் போதும், மத்த ஆடம்பரம் ஒண்ணும் வேண்டாம்."

"சரிங்க."

"எனக்குப் பிடிக்கல ராணி. நீ அங்க போறது பிடிக்கல. மறைச்சது அதைவிடப் பிடிக்கல. அதையும் சொல்லிப்புட்டேன்."

"சரிங்க."

"நானும் அன்னைக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "இங்க நாள் பூரா ஊரான் வீட்டுக் கதவைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எவனோ வாரான், எவனோ போறான். என் வீட்டுக் கதவு எப்படித் தொறக்குதுன்னு பாக்கணும்னு ஆசைப்பட்டேன். ஒன்னையக் காவல் காக்க இல்ல."

சுவரில் துருத்திக்கொண்டிருந்த கலவையை நகத்தால் சுரண்டினாள்.

"அந்த வாசல் லைட்டை மட்டும் என்கிட்ட விடு" என்றான். "அதை நீ அடிக்கல."

"அடிக்கலங்க."

"ஷெட்டுல இருந்து எத்தனை மணிக்கு வருவ?"

"ஆறரை ஆகும்."

"அப்ப ஆறேகாலுக்குப் போடுறேன்."

அவள் வெளியே வந்து கவியரசனிடம் சொன்னாள். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்பது அயிட்டத்தில் மூன்றுதான் தேறியது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மோட்டாருக்கும் கேஸுக்கும் வாசல் லைட்டுக்கும் சாக்கட்டியால் கோடு இழுத்தான். கொத்தனாருக்கு ஒரே சந்தோஷம், காடி வெட்டுகிற வேலை மிச்சம்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ரெங்கராஜ் பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். இந்தத் தடவை செல்வராணி இருபது நாளைக்கு முன்னால் வேலையை நிறுத்தவில்லை. வந்த அன்றைக்கு அவள் சோறு போடும்போது அவன் கையைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் குழம்பைப் பிசைந்தான். பால் பொங்கும்போது அவனுடைய அத்தை முத்துமாரியம்மாள், "என்னடா ரெங்கு, மாளிகை மாதிரி வீட்டைக் கட்டிப்புட்டு இவ கையி இன்னும் இப்படியே கெடக்கு?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அவன் அடுப்பைப் பார்த்தபடியே, "அது அவ வேலை அத்தை" என்றான். பிடித்துச் சொன்னானா, பிடிக்காமல் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னான்.

அவன் விமானம் ஏறி மூன்றாம் நாள் அவள் ஷெட்டுக்குப் போனாள். சாயங்காலம் செவந்தியோடு திரும்பி வரும்போது, தெருமுனையிலேயே கால் தயங்கியது. மணி ஆறு இருபது. புது வீடு இருட்டாக நின்றது. டியூட்டியில் இருக்கிறானோ, மறந்துவிட்டானோ, போன இடத்தில் மறுபடி கோபம் ஏறிக்கொண்டதோ என்று மனசு அலைந்தது. செவந்தி தன் வீட்டுக்குள் போய்விட்டாள். செல்வராணி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டு தெருவிலேயே நின்றாள். உள்ளே போய் அவளே சுவிட்சைத் தட்டினால் எரியத்தான் போகிறது. போக மனசில்லை.

ஆறு இருபத்து மூன்றுக்கு வாசல் லைட் எரிந்தது.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள். கறுத்த விரல் பட்டதும் திரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடம்பிடித்தது. கதவு திறந்ததைச் சொல்கிற அத்தனையையும் சில மாசம் முன்னால் தேடித் தேடி அடித்தவள், 'நம்ம வீடு' குரூப்பில் குரலைப் பதிந்து அனுப்பினாள்.

"ஏங்க, உள்ள வந்துட்டேன்."